மெரூன் கட்டிங் வேஸ்ட்

அன்றைக்கு மேனேஜர் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர். டாக்டர் சம்சாரத்தின் தம்பி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

லேப் பொண்ணு. இரத்தம் எடுப்பது, பாட்டிலில் அடைப்பது, பேர் எழுதி ஒட்டுவது அதன் வேலை. சுவரோடு ஒட்டி நின்றது.

பெரிய சிஸ்டர். நர்சுகளுக்கெல்லாம் மூத்தவர். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார்.

நான். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பதும், சாம்பிள் பாட்டில்களை பஸ்சில் டவுன் லேபுக்குக் கொண்டு போவதும் என் வேலை.

மேசை மேல் ஒரு பாட்டில். அதற்குள் ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்து எடுத்த கட்டி.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண். அவள் அறையில் இல்லை. இருந்தாலும் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

நான் ஆறாவது வரை படித்தேன். பிறகு பனியன் கம்பெனி. செக்கிங்கில் பத்தொன்பது வருசம் நின்றேன். தைத்து வரும் பனியனை டியூப் லைட்டுக்கு நேராக விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, எண்ணி, கட்டுப் போட வேண்டும். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்தது. இருமலுக்குப் பார்க்கப் போன இடத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் கொங்குக்காரர், மரியாதையான மனுசன். தூசி இல்லாத வேலை, வருகிறீர்களா என்று கேட்டார். வந்துவிட்டேன்.

முதல் மாதம் சோறு இறங்கவில்லை. சளி, சீழ், மூத்திரம், எல்லாம் கையில் வரும். அது பழகிவிட்டது. உடம்பில் இருந்து வருவது வரத்தான் செய்யும். அதை மனுசர் நடத்துகிற விதம்தான் எனக்குப் பழகவில்லை. இன்னும் பழகவில்லை.

பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு டப்பா கொடுப்போம். அதில் கொண்டு வர மாட்டார்கள். டப்பா நன்றாக இருக்கிறதென்று வீட்டில் மஞ்சள் தூள் போட்டு வைத்துக்கொள்வார்கள். மூத்திரத்தை குவார்ட்டர் பாட்டிலில் கொண்டு வருவார்கள். ஒருவர் மலத்தை ஊறுகாய் பாட்டிலில் கொண்டு வந்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக்கூடக் கிழிக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய். அன்றிலிருந்து நான் ஊறுகாய் தொடுவதில்லை.

அவர்களைச் சொல்லிப் பயனில்லை. தெரிந்தவர்களே அப்படித்தான் இருந்தார்கள். லேப் ஃபிரிட்ஜில் இரத்த டியூப் இருக்கும். பக்கத்தில் டீக்குப் பால் பாக்கெட் இருக்கும். கதவுத் தட்டில் லேப் பொண்ணின் மல்லிகைப்பூ. ஒரு நாள் சொன்னேன். மூடித்தானுங்க்கா இருக்கு என்றது. சளி தடவிய கண்ணாடித் தகடு காய்கிற மேசையிலேயே டிபன் பாக்சைத் திறந்து சாப்பிடும். நான் ஆஸ்பத்திரியில் டீ குடிப்பதை நிறுத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சாம்பிள் கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது, பழைய ஆள் நின்றுவிட்டதால். தினம் காலையில் பஸ். பி.என். ரோட்டில் டவுனுக்கு. ஞாயிறு மட்டும் இல்லை. ஒரு வருசம் கட்டைப்பையில் கொண்டு போனேன். பிறகு டவுன் லேபில் இருந்து ஓர் ஆள் வந்து எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். பாட்டில் நிமிர்ந்தே இருக்க வேண்டும். பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் உறிஞ்சுகிற பஞ்சு வேண்டும். அதற்கு மேல் ஒரு பை. அதற்கு மேல் பெட்டி. கசிந்தால் பார்த்த உடனே தெரிய வேண்டும். நன்றாகச் சொன்னார். எனக்கே புரிந்தது.

மேனேஜர் நீலப் பெட்டி ஒன்று வாங்கினார். தோளில் மாட்ட வார் இருந்தது. உள்ளே ஓட்டை போட்ட தட்டு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பாட்டில் நிற்கும். பெட்டியோடு என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டினார்கள். போட்டோவில் நான் கையுறை போட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும்தான் போட்டேன். அடுத்த நாள் கேட்டதற்குத் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

பெட்டி நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அவிநாசித் தேர் வந்தது. மேனேஜர் வீட்டுச் சனம் தேருக்குப் போனபோது பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மோர் குளிர்ச்சியாக இருக்கட்டுமென்று. மோர் பாட்டில் பெரிசு, ஓட்டையில் நிற்கவில்லை. தட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார்கள். பெட்டி திரும்பி வந்தது. தட்டு வரவில்லை. பெட்டிக்குள் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அதற்கு முதல் நாள் அதே இடத்தில் ஒரு கிழவரின் சளி டப்பா இருந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் அந்த மோரைக் குடித்திருக்கும்.

நான் மேனேஜரிடம் சொன்னேன். கழுவிட்டுத்தான் எடுத்துட்டுப் போனம்மிணி என்றார். தட்டைக் கேட்டேன். தேடச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை கேட்கவில்லை.

தட்டுக்குப் பதில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி தவிர அவருக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனியும் உண்டு. கட்டிங் மேசையில் விழுகிற துண்டுத் துணியை எங்கள் ஊரில் வேஸ்ட் என்போம். வண்டி துடைக்க, மெசின் துடைக்க, தலையணை அடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் ஒரு சாக்கு வேஸ்ட்டைக் கொண்டு வந்து போட்டார். பெட்டிக்குள் அதைத் திணித்து, நடுவில் பாட்டிலைச் செருகச் சொன்னார். பஞ்சுக்குப் பஞ்சு ஆயிற்று, தட்டுக்குத் தட்டும் ஆயிற்று என்றார்.

முதல் சாக்கு வெள்ளை. வெள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். பிறகு வெள்ளை வருவது நின்றது. வெள்ளை வேஸ்ட்டை வாங்க ஆள் இருக்கிறது, கலர் வேஸ்ட் தேங்குகிறது. அதனால் மெரூன் வந்தது. சாக்குச் சாக்காக மெரூன். வெள்ளை வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கும்மிணி வெள்ளை? இதுல கறையே தெரியாது பாரு" என்றார்.

சந்தோசமாகச் சொன்னார். நல்ல யோசனை என்றே நினைத்தார்.

செக்கிங்கில் நின்ற எனக்கு அது தெரியும். வெள்ளைப் பனியன் ஓடுகிற நாளில் கண்ணுக்கு வேலை. மெரூன், நேவி ஓடுகிற நாளில் கண் தூங்கும். கறையோடு பெட்டிக்குள் போய்விடும். எனக்குத் தெரிந்திருந்தும் நான் மெரூனைத்தான் திணித்தேன். வேறு என்ன திணிப்பது என்று விட்டுவிட்டேன்.

மெரூன் சாயம் விடும். குளிருக்காக உள்ளே வைக்கிற ஐஸ் பை வியர்த்துத் துணி நனைந்ததும் சிவப்பாக வடியும். பெட்டி மூலையில் சொட்டும். பஸ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் கீழே பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். கண்டக்டர் ஒருவர் என்ன மீனா என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பெட்டி என்றால் எழுந்து போய்விடுவார்கள் என்று, சாயமுங்க, சாயமுங்க என்று சொல்லிக்கொண்டே போவேன். திருப்பூரில் சாயம் என்றால் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். இறங்கியதும் கையைப் பார்த்தால் விரலிடுக்கெல்லாம் சிவப்பாக இருக்கும். எது சாயம், எது மற்றது என்று எனக்கே தெரியாது. எல்லாம் சாயம் என்றே வைத்துக்கொண்டேன். தினமும் சொன்னால் நமக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேனிப் பக்கத்தில் இருந்து வந்தவள். ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். லைன் வீட்டில் ஓர் அறை, அவளும் நாலு வயதுப் பெண் குழந்தையும். புருசன் எங்கே என்று நான் கேட்கவில்லை. கழுத்தில் வலது பக்கம் கட்டி. எலுமிச்சங்காய் அளவு. சாயங்காலமானால் காய்ச்சல் வரும். டாக்டர் தொட்டுப் பார்த்து, டி.பி.யாக இருக்கலாம், கெட்ட கட்டியாகவும் இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அவள் காதில் டி.பி. என்பது மட்டும் விழுந்தது. அன்று இரவிலிருந்து குழந்தையைப் பக்கத்து அறையில் ஒரு கிழவியிடம் படுக்கப் போட்டாள். தட்டு தனி, தம்ளர் தனி. குழந்தை நடுச்சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிடும் என்றாள். இவள் இந்தப் பக்கம் இருந்து திருப்பித் தட்டுவாளாம். இதையெல்லாம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அங்கே கேட்க வேறு ஆள் இல்லை.

சனிக்கிழமை மதியம் கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன வெட்டு. வெளியே வந்ததும் என்னைத் தேடினாள்.

"யக்கா, நீங்கதான் கொண்டு போவீகளா?"

ஆமாம் என்றேன்.

"என்னன்னு தெரிஞ்சுட்டாப் பாப்பாவ கூட்டிக்கிருவேன். அதுக்குத்தான் கேக்கேன்."

பத்திரமாகக் கொண்டு போகச் சொல்லிக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கட்டியை ஃபார்மலின் என்கிற மருந்தில் போட்டு வைப்பார்கள். அதில் இருந்தால் அழுகாது. கண்ணெரிகிற மருந்து. லேப் பொண்ணு பாட்டிலில் ஊற்றி மூடியது. பாட்டில் பழையது, கழுவித் திரும்ப எடுப்பது. மூடி வேறு ஒரு பாட்டிலுடையது. திருகினால் நிற்கிற மாதிரி இருக்கும், நிற்காது. நான் பாட்டிலை வாங்கி மெரூனுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் டவுன் லேபில் சதை வாங்க மாட்டார்கள். திங்கள்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை வார்டில் ஒருவருக்குக் கால் வீங்கியது. பெரிய சிஸ்டர் ஐஸ் பை தேடினார். பெட்டியில் இருந்ததை எடுத்துக்கொண்டார். தட்டு இருந்திருந்தால் பாட்டில் நின்றிருக்கும். துணிதானே, கிளறியதும் சாய்ந்துவிட்டது. மே மாதம். ஐஸ் இல்லாத பெட்டி, சாய்ந்த பாட்டில், சேராத மூடி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை இரத்த டியூப்களை அடுக்கப் பெட்டியைத் திறந்தேன். கண் எரிந்தது.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

டார்க் கலர் துணிக்குச் சாயம் நிற்க மருந்து போடுவார்கள். புதுக் கட்டைப் பிரித்தால் கண் எரியும், மூக்கில் ஏறும். செக்கிங்கில் மெரூன் கட்டு வருகிற நாளில் நாங்கள் எல்லோரும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வோம். பத்தொன்பது வருசம் மூக்கில் ஏறிய எரிச்சல் அது. ஃபார்மலின் எரிச்சலும் அதே மாதிரிதான். அந்த வாரம் புதுச் சாக்கு பிரித்திருந்தார்கள். நான் புதுத் துணி வாசம் என்று நினைத்தேன்.

கையை விட்டுப் பார்த்தேன். துணி ஈரம். ஐஸ் உருகியது என்று நினைத்தேன். கை சிவந்தது. சாயம் என்று நினைத்தேன். துணிக்குள் கையால் தொட்டே பாட்டில்களை எண்ணினேன். பதினாலு. நோட்டிலும் பதினாலு. சரியாக இருந்தது. மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் அந்த வாசத்துக்குத் துணியை எடுத்து உதறியிருப்பாள். எனக்கு அது பழக்கமான வாசம்.

டவுன் லேபில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் வாங்குவாள். கையுறை, முகத்தில் துணி, எல்லாம் போட்டிருப்பாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள், அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் பனியனைப் பிடிக்கிற மாதிரி. உள்ளே தண்ணீர் இல்லை. அடியில் கொஞ்சம் பிசுபிசுப்பு. கட்டி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் காய்ந்து கறுத்து, ஒரு பக்கம் அழுகி வெளுத்து. மூடியைத் தொட்டாள். அது அவள் கையோடு வந்துவிட்டது. வாசம் கண்ணாடியைத் தாண்டி என்னிடம் வந்தது. மருந்தும் அழுகலும் கலந்த வாசம். புதுத் துணி வாசம் இல்லை.

அவள் திட்டவில்லை. பெட்டிக்குள் இருந்த மெரூனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் பார்க்க முடியாதுங்க. எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள்.

ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மருந்து இல்லை, கெட்டுவிட்டது, ஏற்கவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் குழாயடியில் கை கழுவினேன். ஐந்து முறை. சோப்பு இல்லை, மண் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு போனது. வாசம் நகத்துக்குள் இருந்தது. என் மூக்கின் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அப்படி ஓர் அருவருப்பு இருக்கும் என்று அதுவரை தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. பெட்டியைப் பார்த்துவிட்டு, குடுத்தாச்சாக்கா என்று கேட்டாள். இரு, வருகிறேன் என்று மேனேஜர் அறைக்குள் போனேன்.

பாட்டிலை மேசையில் வைத்தேன். காகிதத்தை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். லேப் பொண்ணைக் கூப்பிட்டார். சிஸ்டர் தானாக வந்தார். கதவைச் சாத்தினார்.

மேனேஜர் காகிதத்தை ஒரு முறை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

லேப் பொண்ணு அழ ஆரம்பித்தது. மூடி சேரவில்லை என்று போன மாதமே சொன்னதாகவும், புது மூடி கேட்டதாகவும் சொன்னது. சிஸ்டர் ஐஸ் பை எடுத்ததைச் சொன்னார். பாட்டில் இருந்ததைத் தான் பார்க்கவில்லை, துணி கலரில் ஒன்றும் தெரியவில்லை என்றார். மேனேஜர் தட்டைப் பற்றியோ மோரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"ஏனம்மிணி, இத எதுக்குப் பெருசு பண்ணிட்டு?" என்றார். "புதுப் பாட்டில்ல போட்டு மருந்து ஊத்தி, கோயமுத்தூர் லேபுக்கு கூரியர்ல அனுப்பிரலாம்."

"அங்கயும் இதத்தானுங்க சொல்லுவாங்க."

"சொல்லட்டும். வழியில கெட்டுப்போச்சுன்னு ஆயிருமல்ல."

சிஸ்டர் தலையாட்டினார். புண் ஆறட்டும், இப்போது சொன்னால் அந்தப் பிள்ளை தாங்காது, பத்து நாள் போகட்டும் என்றார். குரலில் பாசமாக இருந்தது. லேப் பொண்ணு அழுகையை நிறுத்தியது. அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

அவரிடம் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க'. அனுப்பிரலாமுங்க. சரியாப் போயிருமுங்க. பிறந்ததில் இருந்து கேட்கிற பேச்சு. அன்றைக்கு அதைக் கேட்டுக் குமட்டியது. சளி டப்பாவுக்குக் குமட்டாத வயிறு.

மேனேஜர் பாட்டிலை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த பேரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். தேதியை மாற்றி எழுதி ஒட்டச் சொன்னார். லேப் பொண்ணு பேனாவைத் தேடியது. பழைய காகிதம் சுருள் சுருளாக மேசையில் விழுந்தது. வெளியே இருந்தவளின் பேரில் பாதி போயிருந்தது.

நான் எட்டி அவர் கையில் இருந்து பாட்டிலை எடுத்தேன். அவர் விட்டுவிட்டார். பிடுங்குவேன் என்று எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போனேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"கண்ணு, உன் கட்டி கெட்டுப்போச்சு. நாந்தான் கொண்டுக்கிட்டுப் போனேன். மருந்து வடிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு. மறுக்கா எடுக்கணும்."

இதைவிட நீளமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூடியைச் சொல்லவில்லை, ஐஸ் பையைச் சொல்லவில்லை. அவை உள்ளே இருந்தவர்கள் சொல்ல வேண்டியவை. அவர்கள் கதவு வரை வந்து நின்றார்கள். சொல்லவில்லை.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இம்புட்டூண்டா இருந்துச்சு?"

"சுருங்கிப் போச்சு கண்ணு."

வாசம் வந்திருக்கும். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். தன் கழுத்தில் இருந்ததைத் தானே முகம் சுளித்துப் பார்த்தாள். பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பப் பாப்பா இன்னமும் அந்தப் பக்கமேதான் படுக்கணுமா?"

நான் அந்தச் சேராத மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஆபரேசன் முடித்து அந்த வழியாக வந்தார். நான் பாட்டிலைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுரண்டிய பேரையும் பார்த்தார். மேனேஜரைப் பார்த்து, என்ன மாப்ளே இது என்றார். சின்ன மிஸ்டேக்குங்க மாமா என்றார் அவர். டாக்டர் அதற்கு மேல் அவரிடம் கேட்கவில்லை. சொந்தத்தில் அவ்வளவுதான் கேட்க முடியும் போலிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி எடுத்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்றார். பெரிய மனுசர்கள் தப்புச் செய்தால் பணம் வேண்டாம் என்பார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைப்பார்கள். ஆனால் அவர் நிஜமாகத்தான் கும்பிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் இருந்து வரிசையில் நிற்க வேண்டும். கம்பெனியில் லீவு கிடையாது. அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

"அந்தப் பொட்டியில மட்டும் வேணாம்" என்றாள்.

முதல் கட்டி தோலுக்குக் கீழேயே இருந்தது. முழுசாக எடுத்துவிட்டார்கள். இனி எடுக்க வேண்டியது அதே பக்கம் உள்ளே, சதைக்கு அடியில் இருந்த இன்னொரு கட்டி. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும். ஒரு வாரம் கழித்துச் செய்தார்கள்.

அதற்குள் நான் சில காரியம் செய்தேன். மெடிக்கல் கடையில் புதுப் பாட்டில் வாங்கினேன். அதனுடைய மூடியோடு. தண்ணீர் ஊற்றி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, வெள்ளைத் துணி மேல் வைத்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து நூறு வரை எண்ணினேன். துணி நனையவில்லை. குலுக்கினேன். மறுபடி நூறு எண்ணினேன். லேப் பொண்ணு பார்த்துக்கொண்டு நின்றது. மறுநாள் அது தானே பழைய பாட்டில்களை எல்லாம் இப்படிக் கவிழ்த்து வைத்திருந்தது. பாதிக்கு மேல் ஒழுகியது. நனைந்த துணியை என்னிடம் காட்டியது. ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் அப்படியேதான் இருந்தது.

வீட்டில் இருந்து ஒரு தூக்குப்போசி கொண்டு வந்தேன். கைப்பிடி வைத்த எவர்சில்வர் பாத்திரம். உள்ளே என் வீட்டுப் பழைய வெள்ளைப் பனியன்களைக் கிழித்து வைத்தேன். இனி அதில் சோறு போடுவதில்லை என்று மூடியில் ஆணியால் கீறினேன்.

ஆபரேசன் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றேன். ஒன்றரை மணி நேரம். டாக்டர் பாட்டிலைத் தன் கையாலேயே கொடுத்தார். முழுக்க மருந்து. வெள்ளைக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, அப்படியே பஸ் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூடியைத் திறந்து பார்த்தேன், மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், பாலுங்களா, திரிஞ்சுபோச்சா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். சாயம் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

லேபில் கண்ணாடிக்குப் பின்னால் அதே பெண். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். முத்திரை குத்தி உள்ளே வைத்தாள்.

ரிப்போர்ட் ஒன்பதாவது நாள் வந்தது. நானே போய் வாங்கி வந்தேன். டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார். டி.பி.தான். கெட்ட கட்டி இல்லை. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது. நெஞ்சுப் படமும் பார்த்தாயிற்று, அதில் ஒன்றும் இல்லை. கழுத்துக் கட்டியில் இருப்பது இருமலில் பரவாது, குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"இன்னைக்கேவா?" என்றாள்.

"இன்னைக்கே சாமி."

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. முதல் சதை போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே இது தெரிந்திருக்கும். அத்தனை இரவும் குழந்தை சுவரைத் தட்டியிருக்கும்.

மேனேஜர் இன்னும் மேனேஜராகத்தான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் நல்லாருக்கீங்களா என்று கேட்கிறார். முன்பு வராத 'ங்க' இப்போது எனக்கும் வருகிறது. தட்டு கிடைக்கவில்லை. போட்டோ அதே இடத்தில் தொங்குகிறது. சாக்கு இப்போதும் வருகிறது. மெரூன் தீர்ந்து நேவி ப்ளூ. அது வார்டில் தரை துடைக்கப் போகிறது. பாட்டிலுக்கு வெள்ளைதான். பழைய கம்பெனியில் செக்கிங் பெண்கள் எனக்கென்று ஒரு பை ஒதுக்கி வைக்கிறார்கள். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ரிப்போர்ட் சொன்ன அன்றைக்கே அவளுக்குத் தையல் பிரித்தார்கள். முதல் வெட்டில் நாலு தையல் போட்டார்கள், அது அப்போதே பிரித்தது. இது இரண்டாவது வெட்டு. காதுக்குக் கீழே இருந்து கழுத்துக் குழி வரைக்கும். பெரிய சிஸ்டர் பிரித்தார். டிரேயை நான் பிடித்தேன். அவள் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரேயில் வெள்ளைத் துணி விரித்திருந்தேன். கறுப்பு நூல் ஒவ்வொன்றாக அதில் விழுந்தது. எண்ணினேன்.

பதினொன்று.